ரெண்டு தட்டு

விரல் முட்டியால் லிஃப்ட் கதவில் ரெண்டு தட்டு. பிறகு காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார். உள்ளேயிருந்து பதிலுக்கு ரெண்டு தட்டு வந்துவிட்டால் போதும், முகத்தில் பல்ப் எரியும். "ஆங், இருக்கீங்க இல்ல! இனி பயம் இல்ல. நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போக மாட்டேன். கதவை மட்டும் நெம்பாதீங்க. பேச முடியலன்னா பேச வேண்டாம், அப்பப்ப ரெண்டு தட்டு தட்டுங்க" என்று ஆரம்பித்தால், மாட்டிக்கொண்டவர் வெளியே வரும்வரை அந்தக் குரல் ஓயாது.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். இந்தத் தட்டலால் கம்பெனியில் அவருக்கு 'ரெண்டு தட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த வரவேற்பாளர், மனிதர் சாப்பாட்டில் கெட்டிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கேன்டீனில் அவர் முன்னால் ஒரு மாதம் தவறாமல் இரண்டு தட்டு எடுத்து வைத்தாராம். இவரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே!

விஷயம் அதுதான். மூடிய கதவுக்கு முன்னால் மடை திறந்த வெள்ளமாகப் பேசுகிற மனிதருக்கு, மற்ற இடங்களில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போவார். "உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கிண்டல் செய்தால், "உள்ள இருந்தா சத்தம் சரியாக் கேக்காது" என்பார். மாடிக்கு மாடி நின்று சுவரில் காது வைத்து, மோட்டாரின் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி. இப்படி உறவினர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்து, திட்டு வாங்கி, அதையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வார்.

வீட்டு அம்மணியின் கதையே வேறு. அவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது மீட்டர் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் காலை மடக்குகிற பிள்ளையை அதட்ட வேண்டும், அதுவும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவார். "ஏங்க, நான் பேசறது காதுல விழுதா?" என்று கேட்டால் எதிர் வீட்டுக்காரர் ஜன்னலை மூடுவார். இவர் மட்டும் பதில் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். "சரி, விடு" என்பார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனை 'சரி, விடு'! ஒரு நாள் அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது. அம்மணி துணிகளை மடித்து அடுக்கி, பெட்டியை வாசல் கதவோரம் நிறுத்தினார். "எங்க அக்கா வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு யோசனை சொல்ற ஒரு கவுன்சிலர் அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பத்து சனிக்கிழமை. நீங்களும் வாங்க. பதினோராவது சனிக்கிழமையும் நீங்க இப்படியே இருந்தா, நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார். அதை அவர் கத்திச் சொல்லவில்லை. அதில்தான் இவருக்குக் கிலி பிடித்துவிட்டது.

கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்த ஆலோசகரின் அறை. மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர்க் கூஜா, உயரமான மர அலமாரி. முதல் சனிக்கிழமை இவர் கவனித்ததெல்லாம், அந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் தரைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது என்பதைத்தான். "இப்ப உங்களுக்குள்ள என்ன ஓடுது?" என்று ஆலோசகர் மெல்லிய குரலில் கேட்டார். "ஒண்ணும் ஓடல" என்றார் இவர். அம்மணி கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஆலோசகர் வேலை செய்கிற விதம் இவருக்குப் புரிபடவே சில வாரம் ஆனது. பழுது என்றால் எந்தப் பாகம் கெட்டது என்று தேட வேண்டாமா? அந்தப் பெண் தேடவேயில்லை. யார் பக்கம் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை எப்படித் தொடங்கும், அடுத்து இவர் என்ன செய்வார், அதைப் பார்த்து அம்மணி என்ன செய்வார் என்று மெதுவாக, அடி மேல் அடி வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். நான்காம் வாரம் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "இவர் அமைதியா ஆக ஆக நீங்க சத்தம் போடறீங்க. நீங்க சத்தம் போடப் போட இவர் இன்னும் அமைதியாகறாரு. உங்க ரெண்டு பேருக்கும் எதிரி இந்தச் சுத்துதான்." புருஷன் பெண்டாட்டி இருவரும் முதல் முறையாக ஒரே இடத்தைப் பார்த்தார்கள், அந்த விரல் போன வழியை.

எட்டாவது சனிக்கிழமை அம்மணி பொரிந்து தள்ளிவிட்டார். "முந்தாநாள் யாரோ முன்னபின்ன தெரியாத ஆள் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராம். இவரு ஒன்றரை மணி நேரம் கதவுக்கு வெளிய நின்னு பேசியிருக்காரு. ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் ரெண்டே வார்த்தை!"

ஆலோசகர் இவர் பக்கம் திரும்பினார். "அவர்கிட்ட எப்படிப் பேசுனீங்க? காட்டுங்களேன்."

கேட்க வேண்டியதுதான் தாமதம்! மனிதர் துள்ளி எழுந்தார். அலமாரிக் கதவே லிஃப்ட் கதவாயிற்று. ரெண்டு தட்டு தட்டினார், காதை ஒட்டினார், கண்கள் பளபளவென்று மின்னின. "முதல்ல உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரியணும். பேச்சு வராது அவங்களுக்கு, நாக்கு ஒட்டிக்கும். அதனாலதான் தட்டச் சொல்றது. யார் எந்த பட்டனை அழுத்துனதுன்னு விசாரணை வைக்கக் கூடாது. வெளிய சொந்தக்காரங்க நின்னு கதவை இடிச்சுக் கத்துவாங்க பாருங்க, அவங்களை முதல்ல நிறுத்தணும். அவங்க பாசத்துலதான் கத்தறாங்க. ஆனா உள்ள இருக்கறவருக்கு அது பாசம்னு எப்படித் தெரியும்? கட்டடமே இடிஞ்சு விழற மாதிரி இருக்கும்!"

"உங்க வீட்டுல சண்டை வருதே, அப்ப நீங்க கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்றார் ஆலோசகர்.

'வெளிய' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தட்டுவதற்கு மடக்கிய விரல்கள் அலமாரியிலிருந்து ஓர் அங்குலத்தில் அப்படியே நின்றுவிட்டன. இருபத்திரண்டு வருடம் கதவுக்கு வெளியே நின்ற மனிதர் அந்த விரல்களை மெல்லக் கீழே இறக்கினார்.

"உள்ள" என்றார்.

"உள்ள எப்படி இருக்கு?"

"இருட்டு. மூச்சு முட்டும். எதைச் சொன்னாலும் தப்பாப் போயிடும்னு தோணும். இந்த ஆளு லாயக்கில்லன்னு அவ முடிவு பண்ணிடுவாளோன்னு..."

"என்கிட்ட வேண்டாம். அவங்களப் பார்த்துச் சொல்லுங்க."

இதைவிட ஓடுகிற மோட்டாரில் கையை விடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் திரும்பினார். அம்மணியின் முகத்தைப் பார்த்தார். "உனக்கு நான் வேண்டாம்னு ஆயிடுமோன்னு பயமா இருக்கும். அதான் பேச்சு வராது. கோபம் இல்ல. பயம்."

ஐம்பது மீட்டர் தாண்டிக் கேட்கும் குரல் அன்றைக்கு மூன்று அடி தாண்டவில்லை. "நான் கத்துனது, நீங்க உள்ள இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்கத்தாங்க. நீங்க 'விடு'ன்னு சொல்றப்பல்லாம், என்னையே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஐயோ, சண்டையத்தானே விடச் சொன்னேன்!" என்றார் இவர். ஒரு சின்னச் சொல், பத்தொன்பது வருடம், இரண்டு அர்த்தம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் இரண்டையும் செய்தார்கள். அன்று இறங்கும்போது, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, லிஃப்ட்டில் போகலாமா என்று இவரே கேட்டார். ஒரு விரல் பள்ளத்தில் அம்மணியின் கால் இடறாமல் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாக்கு இவருக்கு மிகவும் பிடித்துப் போயிருக்க வேண்டும், தரைத்தளம் வந்த பிறகும் விடவில்லை.

அதற்காகப் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது வாசலிலேயே நின்றது. ஒன்பதாவது சனிக்கிழமை முடிந்து மறுநாள் மதியம், அம்மணி ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தார். அவரிடம் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு அன்று போட்டி. வருகிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். போகிற வழியில் ஒரு முதியவர் லிஃப்ட்டில் சிக்கிய அழைப்பு வர, அங்கே போய்விட்டார். நியாயமான காரணம்தான். ஆனால் ஒரு போன் செய்து சொல்லவில்லை.

"கேலரியில உங்களுக்கு சீட்டு பிடிச்சு வெச்சிருந்தேன்! ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ரெண்டு வரி அனுப்பக் கூடாதா?" குரல் ஏறியது. எதிர் வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

 இவர் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போயின. பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டி முடிச்சும் போட்டுவிட்டார். "சரி..." என்றார்.

"சொல்லுங்க! மிச்சத்தையும் சொல்லிடுங்க! விடு, அதானே?"

சொல்லவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கருவிப் பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கம் போன கை பாதியில் திரும்பியது. உட்கார்ந்திருந்த பெட்டியின் பக்கவாட்டில், விரல் முட்டியால், ரெண்டு தட்டு.

அம்மணி பாதி வார்த்தையில் நின்றார். கழுத்தில் விசில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு வந்து, இடம் போதாத அந்தப் பெட்டியின் மேல் இவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி நடுவில் குழிந்தது. கீழே கிடந்த இன்னொரு ஷூவை எடுத்தார். குளத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லி விசிலடிக்கிற அந்த அம்மணி, அழுக்கும் கிரீஸும் அப்பிய அதைத் துவைத்த உடையின் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதன் அடித்தோலில் விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினார்.