இறையியல் ஆசிரியையிடம் அப்பா கேட்ட கேள்வி

ஏ லெவலுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்புக்கு, நான் கேட்டது பௌதிகம். வகுப்பு நிரம்பிவிட்டது, இடம் வரும்வரை அதே நேரத்தில் நடக்கும் இறையியல் வகுப்பில் இரு என்று சொல்லி அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்து, லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே குடியிருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. நான் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது.

முதல் நாள் ஆசிரியை கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதினார். கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் முழுக்க நல்லவர். உலகத்தில் துன்பம் இருக்கிறது. எழுதிவிட்டுத் திரும்பி, "மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியுமா?" என்றார்.

அவர் முன்பு கன்னியாஸ்திரியாக இருந்தவர். அப்படிப்பட்டவர் இதை வாய்விட்டுக் கேட்கிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி அறையில் நிற்கும்போது என் மனதில் இது வந்ததுண்டு. உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இங்கே ஒரு பாஸ்டரின் மகனும் முக்காடு போட்ட வங்காளப் பெண்ணும் அதையே வைத்து மேசையில் தட்டித் தட்டி வாதாடினார்கள். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. சில வாரங்களில் பௌதிகத்தில் இடம் வந்தது. நான் போகவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"கடவுளைப் பற்றி அறியிறதெண்டால் கோயிலுக்குப் போனால் போதாதே? அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?"

"கோயிலிலை கேள்வி கேக்க ஏலாது, அப்பா."

"சரி, உன்ரை டீச்சரோடை நானே வந்து கதைக்கிறன்" என்றார்.

பெற்றோர் சந்திப்புக்கு வேலை உடுப்போடேயே வந்தார். மண்டபம் முழுக்கச் சத்தம். இந்தப் பாடம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். ஆசிரியை ஒளிக்காமல் சொன்னார்: சட்டம், ஆசிரியர் தொழில், வேறு பலதும். மருத்துவத்துக்கு இது உதவாது. அப்பா தலையாட்டினார். அதோடு எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இதை நான் சொல்லுற மாதிரியே இங்கிலீசிலை சொல்லு. ஷெல் அடிக்கேக்கை ஊர்ச்சனம் எல்லாம் மாதா கோயிலுக்குள்ளை ஓடினது. சைவக்காரர், வேதக்காரர் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. என்ரை தங்கச்சி 'முருகா' எண்டு கத்தினவள். பக்கத்திலை நிண்ட மனிசி 'மாதாவே' எண்டு கத்தினது. ஷெல் உள்ளுக்கை விழுந்தது. ரெண்டு பேரும் போயிட்டினம். அந்த நேரம் ஆர் கேட்டுக்கொண்டிருந்தது?"

அப்பாவுக்கு ஒரு தங்கை, எனக்கு மாமி, இருந்தார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். மாமி முருகனைக் கூப்பிட்டார் என்று நான் சொன்னபோது அப்பா இடைமறித்தார்.

"கூப்பிடேல்லை. கத்தினவள்."

திருத்திச் சொன்னேன். என் வாய் வழியாக அந்தக் கேள்வி மேசையின் மறுபக்கம் போவதை நானே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பாடத்தில் படித்த அதே கேள்விதான். ஆனால் அது இவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். எங்களுக்குப் பின்னால் வேறு பெற்றோர் காத்து நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார். "பெரியவர்கள் எழுதிய பதில்களையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்து அதில் ஒன்றையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

பிறகு, "தங்கையின் பெயர் என்ன?" என்று கேட்டார். அப்பா சொன்னார். ஆசிரியை பிழையாக உச்சரித்தார். அப்பா மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை ஆசிரியை விடவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கப் போகும்போது அப்பா சொன்னார். "ஐயரும் விதி எண்டவர், பாதரும் ஆண்டவற்றை சித்தம் எண்டவர். தெரியாதெண்டு சொன்னது உன்ரை டீச்சர் மட்டும்தான். நீ அதையே படி."

படித்தேன். பல்கலைக்கழகத்திலும் அதையே எடுத்தேன். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மாதான் கவலைப்பட்டார். ஆனால் அன்றிலிருந்து அப்பா வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்தால், வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்பார், வாதாடுவார். அந்தப் பேச்சுக்களுக்குள் மாமியும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். ஒரு நாள், மாமி கை விட்டுச் சைக்கிள் ஓடுவார் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அவளுக்குச் சைக்கிள் பழக்கினது நான்."

நானும் அப்பாவும் திரும்பிப் பார்த்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார்.