ஒரு காலில் மட்டும் ஆல்தா

தீபாவளிக்குத் தீபாவளி குதிகாலில் மருதாணி வைத்துக்கொள்வேன். கல்கத்தாவில், டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் அதற்கென்றே ஒரு தொட்டிச் செடி. நன்றாகச் சிவந்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்பார்களே, என் இடது குதிகாலில் ஓரிடம் சிவந்து, கறுத்து, பொங்கல் தாண்டியும் போகவில்லை. அடுத்த தீபாவளிக்கு அதன் மேலேயே திரும்பவும் வைத்தேன். எனக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, உங்க ஆசை அழியவே மாட்டேங்குது!" என்று, கிடர்பூர் துறைமுக ஆபீசிலிருந்து களைத்து வரும் மனிதரிடம் காலைத் தூக்கிக் காட்டுவேன். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். படித்த மண்டுகள் இரண்டு பேர் புற்றுநோயைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

அதைக் கண்டுபிடித்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர். தொண்ணூறுகளின் கடைசி அது. துர்கா பூஜைக்குப் புதுச்செருப்பு வாங்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். வங்காளிகளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றியிருந்தது. செருப்பை மாட்டிவிட்ட கடைக்காரர் தன் விரலைத் துணியில் துடைத்தார்.

"தீதி, ரத்தம் வருது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் வங்காளத்தில். அவர் செருப்பில்தான் ஆணி இருக்கிறது என்று நான் சண்டைக்குப் போனேன். நியாயமாக அவருக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும்.

செருப்பை வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் டாக்டரிடம் போய்ச் சதை எடுத்துச் சோதித்ததில் தெரிந்தது. அது தோல் புற்று, அதிலும் பொல்லாத வகை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது; அங்கேயும் பரவிவிட்டதாம். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குதிகாலை ஆழமாக வெட்டியெடுத்துத் தொடைத் தோலை ஒட்டவேண்டும், இடுக்கில் இருக்கும் நெறிகளையும் எடுக்கவேண்டும், பிறகு ஒரு வருஷம் ஊசி மருந்து என்றார்.

"அடுத்த பூஜைக்கு இருப்பேனா?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ணித் தர முடியாது. முயற்சி பண்ணுவோம். ஆனா அந்தக் கால்ல மருதாணி, சாயம் எதுவும் கூடாது. மாசாமாசம் நான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து புதுச்செருப்பைப் பெட்டியோடு அலமாரி மேல் வைத்துவிட்டு அழுதேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பூஜைக்கு நடந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. முதல் மாத ஊசி ஆஸ்பத்திரியில். அப்புறம் வாரம் மூன்று நாள் வீட்டிலேயே. ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் மருந்து உட்கார்ந்திருக்கும். நான் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆசாமி, "நர்ஸ் வேண்டாம், நானே போடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் நாள் ஊசியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

"அத்தனை பெரிய கப்பலையெல்லாம் கரைக்குக் கொண்டு வரீங்க, ஒரு ஊசியைப் பிடிக்க முடியலையா?"

"கப்பல் ஐயோன்னு கத்தாதுடி."

சிரித்ததில் ஊசி போனதே தெரியவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் குளிர் ஜுரம் தூக்கிப்போடும். கல்கத்தா மே மாதத்தில் மூன்று கம்பளிக்குள் கிடப்பேன். அவர் ரசம் வைத்துக் கொண்டுவருவார். பல் தந்தியடிக்கும்போதும் உப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது.

ஊசி இன்னும் இரண்டு மாதம் பாக்கியிருக்கையில் பூஜை வந்தது. அதுவரை எந்தப் பரிசோதனையிலும் எதுவும் திரும்பவில்லை. அஷ்டமி காலையில் நான் அண்ணி முறையில் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி ஆல்தாக் கிண்ணத்தோடு வந்தாள். பாதத்தைச் சுற்றிப் பூசும் சிவப்புச் சாயம் அது. வலது காலில் அழகாகத் தீட்டி முடித்தாள். இடது காலை நான் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஆர் ஏக்டா பா?" என்றாள். இன்னொரு கால் எங்கே என்று கேட்கிறாள்.

"அது டாக்டரோடது" என்றேன். பௌதி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

அலமாரி மேலிருந்து செருப்பு இறங்கியது. உள்ளே பஞ்சு வைத்து, வாரைத் தளர்த்தி, கரியாஹாட் வரை மெதுவாக நடந்தோம். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெறுமை. கூட்டத்தில் எத்தனையோ பேர் குனிந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே, எனக்கு ஒரே குஷி. பந்தல் வாசலில் அவரைச் சீண்டினேன்.

"ஒரு கால்தான் சிவந்திருக்கு. உங்க ஆசை பாதியாயிடுச்சா?"

அவர் அத்தனை பேருக்கு நடுவில் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி, தினமும் காலையில் செய்வதுபோல என் இடது குதிகாலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு புள்ளி இல்லை" என்றார் நிமிர்ந்து. முகமெல்லாம் சிரிப்பு. "நட."

நடந்தேன்.