சொன்னதை எழுதியவள்

அஞ்சலாட்சியின் கையெழுத்தால் பட்டம் வாங்கியவர்கள் பாண்டிச்சேரியில் சிலர் உண்டு. அந்தக் கையெழுத்து எப்படியிருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் பார்வையற்றவர்கள். தேர்வறையில் அவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் அவள்.

கருவடிக்குப்பத்தில் ஓட்டு வீடு. அப்பா இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அம்மா செல்வாம்பாள் வேலை செய்த வீட்டுக்காரர் பேராசிரியர் விஜயராகவன். கல்லூரியில் பார்வையற்ற மாணவர்களுக்கான உதவி மையம் அவர் பொறுப்பில் இருந்தது. பாடம் வாசித்துக் காட்டவும் தேர்வு எழுதவும் ஆள் தேடிக்கொண்டிருந்தவர், அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவங்க சொல்றத மட்டும் எழுதணும்மா. தப்பாச் சொன்னாலும் தப்பாவே எழுது. நீ திருத்தினா அது அவங்க பரீட்சை இல்ல."

அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் மீறவில்லை.

2003இல் வரலாறு படிக்க வந்தான் தேவதாஸ். சின்ன வயதில் அம்மையில் கண்ணை இழந்தவன். வாயை மட்டும் யாராலும் அடக்க முடியாது. அவனுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து கேசட்டுகளில் பதிவு செய்தாள் அஞ்சலாட்சி. முதல் நாள் டேப் ஓடத் தொடங்கியது தெரியாமல், "தேவதாஸ், கேளு" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். அது அப்படியே பழகிப்போனது. எல்லாப் பாடமும் அந்த வார்த்தைகளோடுதான் தொடங்கும். கமா, முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பாள்.

கல்லூரி ஆண்டு விழாவில் தேவதாஸ் பல குரலில் பேசினான். பேராசிரியர்கள் எல்லோரையும் ஒரு கை பார்த்துவிட்டு, கடைசியில் மூக்கால் இழுத்து, "தேவதாஸ், கேளு... கமா... முற்றுப்புள்ளி..." என்றான். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அன்று யாருக்குத் தெரியும்!

"பிரெஞ்சுக்காரன் இன்னாத்துக்குத் தோத்தான்னு பாண்டிச்சேரியிலயே ஒக்காந்து படிக்கறோம் பாரு, டீச்சரம்மா" என்பான் தேவதாஸ்.

"வாய மூடிக்கினு வருஷத்தச் சொல்லு."

"வாய மூடிக்கினு எப்பிடிச் சொல்றது?"

வாசித்து வாசித்து அவளுக்கும் பாடமெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஓர் ஆசை முளைத்தது. அஞ்சல் வழியில் தானும் பி.ஏ. வரலாறு படித்தால் என்ன? விஜயராகவனிடம் போய்க் கேட்டாள். அவர் மகிழ்ந்தார். பிறகு முகம் வாடினார்.

"நீ பட்டப்படிப்புல சேந்துட்டா, இன்னொரு பட்டப்படிப்பு மாணவனுக்கு எழுத முடியாதும்மா. விதி அப்படி. தேவதாஸுக்குக் கடைசி வருஷம் பாக்கி இருக்கே."

"ஒரு வருஷந்தான சார். அப்புறம் சேந்துக்கறேன்" என்று திரும்பி வந்தாள். தேவதாஸிடம் மூச்சு விடவில்லை.

"ஊரான் பரீட்சையெல்லாம் எழுதற. உனக்குன்னு ஒரு பரீட்சை கெடையாதாடி?" என்று செல்வாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சேதராப்பட்டில் ஒரு தகரத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தேவதாஸின் இறுதித் தேர்வு நாட்களில் விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தாள். தேர்வுக்கு முந்தின வாரம், தகடு வெட்டும் இயந்திரத்தின் முன் ஒரு கணம் கண் செருகியது. ஒரே கணம்! வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன. பேனா பிடிக்கும் விரல்கள்தாம் மூன்றும்.

கடைசி நேரத்தில் கிடைத்த ஒரு பையன் தேவதாஸுக்கு எழுதினான். வேகமாகச் சொன்னவனுக்கு அவனால் ஈடு கொடுக்க முடியவில்லை. சொன்னதில் பாதிதான் தாளில் ஏறியது. தேவதாஸ் தோற்றான்.

முடிவு வந்த மறுநாள் தடியைத் தட்டிக்கொண்டு கருவடிக்குப்பத்துக்கு வந்தான்.

"கையக் குடு."

அவள் இடது கையை நீட்டினாள்.

"அதில்ல. இன்னொண்ணு."

அவன் விரல்கள் தடவிப் பார்த்தன. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வெகுநேரம் அந்தக் கையை அவன் விடவில்லை.

"எனக்காகப் படிப்புல சேராம இருந்தியாமே. சார் சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்க மாட்ட."

"மாட்டேன்தான்." தோளில் தொங்கிய பையைக் கழற்றி வைத்தான். உள்ளே கேசட்டுகள் கலகலத்தன. "நான் இனிமே படிக்கப் போறதில்ல. காலாப்பட்டுல எஸ்.டி.டி. பூத் ஒண்ணு கெடச்சிருக்குது. பாடமெல்லாம் இதுல இருக்குது, உன் கொரல்ல. நீ சேரு."

"எந்தக் கையால எழுதறது?"

"கண்ணு இல்லாதவன் நானே பரீட்சை எழுதல? உனக்கும் எவளாவது வருவா, போ."

போனான். அந்த ஐப்பசி மழையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தறிகெட்டு வந்த லாரி ஒன்று அவனுடைய பூத்துக்குள் புகுந்தது. வெளியே நின்றவர்கள் சத்தம் போட்டுவிட்டு ஓடினார்கள். சத்தம் காதில் விழுந்தும் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல், அந்தக் குழந்தை மனம் படைத்தவன் அங்கேயே நின்றிருக்கிறான்.

அடுத்த ஆண்டு அஞ்சலாட்சி சேர்ந்தாள். கேசட்டைப் போட்டால் முதல் வார்த்தையே அவன் பெயர். அணைத்துவிடுவாள். மறுபடி போடுவாள். இப்படித்தான் படித்தாள்.

தேர்வு நாள். அவளுக்காக எழுத வந்தவள் ஹேமலதா என்ற பள்ளி மாணவி. முதல் கேள்வியை அவள் வாசித்தாள்: "இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் தோல்விக்கான காரணங்களை விளக்குக."

அஞ்சலாட்சிக்கு விடை தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் சொல்வதற்காகக் காத்திருந்தே பழகிய காது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும் என்று இன்னும் காத்திருந்தது. மூன்று விரலிழந்த கை மேசைமேல் தானாக நகர்ந்தது.

"அக்கா... சொல்லுங்கக்கா. நேரம் போவுது."

கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். அறையெங்கும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹேமலதாவின் பேனா மட்டும் காற்றில் நின்றது.

அஞ்சலாட்சி கண்களை இறுக மூடிக்கொண்டாள். டேப் சுழலும் மெல்லிய இரைச்சல் காதுக்குள் கேட்டது.

"தேவதாஸ், கேளு" என்றாள்.

எழுதத் தொடங்கிய ஹேமலதா விழித்தாள். "அதையும் எழுதணுமாக்கா?"

மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் வழிந்தது. துடைக்க அவள் வலது கையைத் தூக்கினாள். பிறகு இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

"அது வேணாம்மா. அடுத்து சொல்றதுலேர்ந்து எழுது."