தோளுக்கு ஒரு கப்பி

இளவரசு ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிப்பது பேருந்தில்தான். குடியிருப்பது சிதம்பரம், வேலை கடலூர் செம்மண்டலத்தில், ஒரு பிசியோதெரபி கிளினிக்கில். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போனைத் திறந்துவிடுவான். பாதிக் கட்டுரைகள் சுருக்கத்தை மட்டும் காட்டி, மீதிக்குப் பணம் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்போது மேற்படிப்பில் இருந்த நண்பன் ராஜ்கமலைப் பிடிப்பான். அவன் கல்லூரி நூலகத்தின் வழியாக முழுசாக எடுத்து அனுப்புவான்.

அப்படி வந்தது அந்தக் கட்டுரை. பக்கவாதத்தில் விழுந்த கையை, மேலே கப்பியில் கயிறு மாட்டி நல்ல கையால் இழுத்துத் தூக்கவைத்தால் தோள் கெடும், வலி கூடும் என்றது. சின்ன ஆய்வுதான். ஆனால் பின்னால் வந்த வழிகாட்டுதல்களும் அதையே சொல்லின. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவன் எல்லோருக்கும் கப்பிதான் மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னுமாடா கப்பி?" என்றான் ராஜ்கமல் போனில். "செம்மண்டலத்துல கெணறு எறைக்கிறியா மச்சான்?"

இளவரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கயிறு மாட்டுவதை விட்டான்.

அடுத்து வந்தவர் ஜமாலுதீன், முதுநகர் தையல்காரர். வலது பக்கம் விழுந்திருந்தது. இளவரசு அவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மேசைமேல் துணியை மெல்ல நகர்த்தச் சொன்னான். அவர் மனைவி அமீருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, மேஜை தொடைக்க வுட்டுட்டீங்க? கயிறு போடலையா?"

"அது தோளுக்குக் கெடுதிம்மா."

"அவ கெடக்குறா தம்பி," என்றார் ஜமாலுதீன், கோணிய வாயால். "கத்திரி புடிக்க வச்சிடுங்க. அது போதும்."

கட்டைவிரல் லேசாக அசையத் தொடங்கிய வாரம், அவர்கள் வருவதை நிறுத்தினார்கள். போன் செய்தால், "வூட்லயே செய்றோம் தம்பி" என்றாள் அமீருன்னிசா. மனசு கேட்காமல் ஒரு மாலை முதுநகருக்கே போனான்.

உத்தரத்துத் தூளிக் கொக்கியில் கப்பி தொங்கியது. அதன் கீழே ஜமாலுதீன் உட்கார்ந்திருந்தார். தோள் மூட்டு இறங்கிப்போய், கை வீங்கிப் பளபளத்தது. சட்டை உரசினாலே கத்துகிறாராம்.

"யாரும்மா இத மாட்டச் சொன்னது?"

"நீங்கதான்." அவள் போனை நீட்டினாள்.

வெள்ளைக் கோட்டில் இளவரசு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளினிக்குக்காக எடுத்த வீடியோ. கயிற்றை இழுத்துக் காட்டிச் சிரிக்கிறான்: "வலிச்சாலும் விடாதீங்க. வலிச்சாத்தான் கை வரும்."

"பரங்கிப்பேட்டைல எங்க அக்கா வாட்ஸப்புல அனுப்பிச்சா. நீங்க சோம்பல்பட்டுக் கயிறு போடாம வுட்டுட்டீங்கன்னு நெனச்சோம். இவரு அழுதாரு, நான் வுடல. நீங்க சொன்ன மாதிரியே இழுக்க வச்சேன்."

"அப்ப எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாமலா கோட்டு மாட்டிக்கிட்டுச் சொன்னீங்க?"

அதை அழித்துவிடச் சொன்னான். அழித்தாள். "எம் போன்லேர்ந்து போயிடுச்சு. அக்கா, அவ நாத்தனாரு, அவுங்க குரூப்பு... அங்கெல்லாம் யாரு போயி அழிக்கிறது?"

அவன் குனிந்து, தோளைத் தாங்கக் கையைக் கொண்டுபோனான். ஜமாலுதீன் இடது கையால் வலது கையை இழுத்து மடியில் பொத்திக்கொண்டார்.

"தொடாதீங்க தம்பி. கத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது இப்பிடியே கெடக்கட்டும்."