ஈபேலோ மிஸ் போட்ட ஒன்பது மார்க்

ஈபேலோ மிஸ் தன் கூடப்பிறந்த தம்பிக்கே மார்க் போட்டு அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுத் தமிழ் மையத்தின் வரவேற்பறையில் காத்திருக்கும் அம்மாக்களில் ஒருவர் சொன்னது. அவருக்கு இன்னொரு அம்மா சொன்னாராம். அந்த அம்மாவுக்கு அலுவலகத்து அக்காவே சொன்னாராம். கைமாறக் கைமாற மார்க் மூன்றாகக் குறைந்து, "இனிமே எனக்கு அக்காவே கெடையாதுன்னு அந்தத் தம்பி எழுதிக் குடுத்துட்டானாம்" என்பது வரை வந்து நின்றது.

மூன்று என்பது பொய். இருபதுக்கு ஒன்பது. எழுதிக் கொடுத்ததும் பொய். மீதி நடந்ததுதான்.

ஈபேலோ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் அந்தத் தமிழ் மையத்தில் மேல்வகுப்புக்கு வாதக் கட்டுரை அவர் பாடம். ஒருவரை நம்பவைக்க மூன்றே வழி என்று முதல் நாளே பலகையில் எழுதிவிடுவார். சொல்கிறவர் யாரென்று காட்டி நம்பவைப்பது ஈதோஸ். மனசைத் தொட்டு இழுப்பது பேதோஸ். காரணமும் கணக்கும் காட்டி மடக்குவது லோகோஸ். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனா. எந்தத் தாளைக் கொடுத்தாலும் வரிக்கு வரி அந்த மூன்றில் ஒன்றால் அடிக்கோடு போட்டுவிடுவார்.

வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கும். ஒரு பற்பசை விளம்பரத்தைச் சுவரில் ஒட்டி, "என்ன தெரியுது?" என்பார்.

"வெள்ளைக் கோட்டு போட்டவர் நீலம், மிஸ். அந்தப் பாப்பா பல்லு வலில அழறது சிவப்பு. பத்துல ஒம்பது பேர் இதைத்தான் வாங்குறாங்கங்கிறது பச்சை."

"அந்தப் பத்து பேரு யாரு?"

"கம்பெனிக்காரங்களோட சொந்தக்காரங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் வக்கீலம்மா என்று பெயர் வாங்கிய பெண் அவள். விடமாட்டாள். "மிஸ், 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்'னு அடிக்கடி சொல்றீங்களே, அது எந்தக் கலர்?"

"அது மூணுலயும் சேராது. மிரட்டல்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மிஸ் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம். சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. கீழே இயந்திரங்கள் சுற்றினால் கட்டில் லேசாக அதிரும். பாஸ்போர்ட்டும் விசாக் காகிதங்களும் கண்ணாடி உறையில் தலைமாட்டில் இருக்கும். வெளியே கிளம்புமுன் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார். படியிறங்கிப் பாதியில் திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். பேருந்தில் காப்பீட்டு விளம்பரம் கண்ணில் பட்டால் சிவப்பு. சொந்தக்காரர்கள் அனுப்பும் 'உடனே பகிரவும்' செய்திகள் பெரும்பாலும் நீலம், யாரோ பெரிய டாக்டர் சொன்னதாக இருக்கும். நிறம் தெரிந்ததும் விஷயம் முடிந்தது. முன்பெல்லாம் பிள்ளைகள் எழுதும் சில வரிகளில் கண் கலங்கும். அது எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

தம்பி ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அம்மா அவனோடு. அவன் போன் பண்ணினால், "சொல்லுடா, சுருக்கமா சொல்லு, தாள் திருத்திட்டு இருக்கேன்" என்பார். அவன் சுருக்கிச் சுருக்கி, கடைசியில், "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று வைத்துவிடுவான்.

அரைப்பரீட்சைக்கு மிஸ்தான் தலைப்புக் கொடுத்தார்: 'வெளிநாட்டில் வாழும் உறவினரை ஊருக்கு வரும்படி வற்புறுத்திக் கடிதம் எழுதுக.' பிள்ளைகள் கணினியில் அடித்து மையத்தின் முகவரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பேர் போடக் கூடாது. 'தங்கள் தம்பி', 'தங்கள் மருமகள்' என்று உறவை மட்டும் போட்டு முடிக்க வேண்டும். வருவதை எல்லாம் அலுவலகத்து அக்கா அச்செடுத்து, எண் எழுதி, மிஸ்ஸிடம் கொடுப்பார். திருத்தியதும் அந்தந்த எண்ணுக்குரிய முகவரிக்கே படமெடுத்து அனுப்பிவிடுவார். ஆள் தெரிந்தால் கை சாயும் என்று இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதே மிஸ்தான்.

மையத்தின் முகவரியைத் தம்பிக்கும் ஒருநாள் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் பார்க்க நேரமில்லை, இதைக் கட்டாயம் பார்ப்பேன் என்று.

கடிதங்கள் கட்டாக வந்தன. அன்புள்ள அக்காவுக்கு, அன்புள்ள மாமாவுக்கு, அன்புள்ள சித்திக்கு. முக்கால்வாசிக் கடிதங்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை. எல்லாவற்றிலும் விசாப் பேச்சு; வீட்டில் அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள். இரண்டு நாளில் மொத்தத்தையும் திருத்தி முடித்தார். கடைசிக் கடிதத்தைத் திருத்தும்போது கீழே இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்ததும், பச்சைப் பேனா எழுத மறுத்ததால் மூடியைக் கடித்து உதறியதும்தான் பிறகு நினைவுக்கு வந்தன.

அடுத்த சனிக்கிழமை மதியம் அலுவலகத்து அக்கா கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க கிளாஸ்ல எத்தனை பேரு?"

"நாப்பத்திரண்டு."

"அப்ப இந்த நாப்பத்திமூணு எங்கேருந்து குதிச்சது? மார்க்குக்கு நன்றின்னு பதில் வேற போட்டிருக்கான். பரவால்லயே, நம்ம பிள்ளைங்கள்ல நன்றி சொல்றதுக்குக்கூட ஒண்ணு இருக்கேன்னு சந்தோஷப்பட்டுப் பேரைத் தேடினேன். லிஸ்டுலயே இல்ல."

திரையைத் திருப்பிக் காட்டினார். தம்பியின் முகவரி. 'மார்க்குக்கு நன்றி, டீச்சர்' என்று ஒரே வரி. கீழே, மிஸ் திருத்திய தாள்.

*அன்புள்ள அக்காவுக்கு, போன்ல பேசினா முழுசா சொல்ல முடியல, அதான் எழுதறேன்.* பக்கத்தில் மிஸ்ஸின் கையெழுத்து: 'பேச்சுவழக்கு. தவிர்க்கவும்.'

*அம்மாவுக்கு இருபதாம் தேதி ஆபரேஷன். இதயத்துல அடைப்பு. டாக்டர் பயப்படாதீங்கன்னுதான் சொல்றார், ஆனா முகத்தைப் பார்த்துச் சொல்லல.* 'எந்த மருத்துவர்? ஆதாரம் தேவை.'

*வாசல்ல கார் நிக்கிற சத்தம் கேட்டா அம்மா எந்திரிச்சு உக்காந்துக்கிறாங்க. நீ இல்லன்னு தெரிஞ்சதும் படுத்துக்கிறாங்க.* சிவப்பில் இரட்டைக் கோடு. 'பழகிப்போன உத்தி. அம்மா பாத்திரம் நம்பும்படி இல்லை.'

*விசா முத்திரை வரலைன்னு சொல்லுவ. போன வருஷமும் அதான் சொன்ன, அதுக்கு முந்தின வருஷமும்.* பச்சையில்: 'எதிர்வாதத்தை முன்கூட்டியே மறுத்திருப்பது நன்று.'

*ஆஸ்பத்திரில கையெழுத்தெல்லாம் நான் போட்டுக்கிறேன். பணம் வேண்டாம். நீ வந்து நின்னா போதும். உன் தம்பி.* கீழே வட்டத்துக்குள் ஒன்பது. 'உருக்கம் மிகை. இன்னும் முயற்சி செய்க.'

"யாரு டீச்சர்?"

"என் தம்பி."

அலுவலகத்து அக்கா சிரிக்க வாயெடுத்து, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, கையால் வாயை மூடிக்கொண்டார். "ஐயய்யோ. நான்தான் நம்பர் போட்டேன். யாருன்னு பாக்காம..."

"பாக்கக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அழுகை வருகிறதா என்று மிஸ் தனக்குள் தேடிப் பார்த்தார். மேசையில் ஒரு காகிதத்தைத் தேடுவது போலத்தான் அந்தத் தேடல் இருந்தது. சுவரில் நாள்காட்டி: பதினெட்டு.

"நாளைக்கு ஊருக்கு ஃபிளைட் இருக்கா, பாருங்க."

"விசாவைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கீங்களே. முத்திரை வர்றதுக்குள்ள வெளியே போனா திரும்ப உள்ளே விடமாட்டாங்க, டீச்சர்."

"பாருங்க."

போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். முதல் தடவை இரண்டு முறை மணி அடித்ததும் தம்பி துண்டித்துவிட்டான். மறுபடி போட்டார். எடுத்தால் என்ன சொல்வது? 'நான் உன் அக்காடா' என்று ஆரம்பிக்கலாம். நீலம். 'அம்மாவைப் பாக்காம இருக்க முடியலடா'. சிவப்பு. அதுவும் நிஜமா என்று தெரியவில்லை. 'பேர் இல்லாம வந்துச்சு, கட்டோட கட்டா திருத்திட்டேன்'. பச்சை. எந்த வரியைத் தொட்டாலும் ஒரு பேனா முன்னால் வந்து நின்றது.

மணி அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. மூன்றாவது முறை போட்டார்.

வகுப்பறைக் கதவு திறந்து வக்கீலம்மா தலையை நீட்டினாள். "மிஸ், நேரமாச்சு, வரலையா?"

வரவில்லை என்பது போலக் கையை மட்டும் அசைத்தார். உள்ளிருந்து அலுவலகத்து அக்கா, "காலைல ஒண்ணு இருக்கு, டீச்சர்! ஒரே ஒரு சீட்டு. போட்டுடவா?" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"போடுங்க" என்றார் மிஸ், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.