வடக்கே தெரிந்த புகை

எரிகல் விழுறதைப் பார்த்திருக்கியான்னு யாராவது அதிசயமாக் கேட்டா எனக்கு எரிச்சல்தான் வரும். பார்த்திருக்கேன். பட்டப்பகல்ல பார்த்திருக்கேன்.

எழுபதுகள்ல சவுதியில, தம்மாம்ல ஒரு அரபியோட லாஞ்சுல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அண்ணன் அதே முதலாளியோட இன்னொரு லாஞ்சுல. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடக்கரைக்காரங்க நாங்க. ரேடியோ எல்லாம் கிடையாது. ஆபத்துன்னா துணியை டீசல்ல முக்கிக் கொளுத்திப் புகை காட்டணும். தேடி வர்றவனும் 'இந்தா வர்றேன்'னு பதிலுக்குப் புகை காட்டுவான். அதுதான் எங்களுக்குள்ள பேச்சு.

ஒரு கோடையில அண்ணன் போன லாஞ்சு கரை திரும்பல. எஞ்சின் நின்னிருக்கும்னு தேடிப் போனோம். எஞ்சின் நின்னா காத்து தள்ளுற பக்கம்தான் போகும். வடகாத்து அடிச்சுது, அதனால தெற்கே ஓட்டினோம். அந்த வெயில்ல தண்ணியில்லாம மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவான்? 'மாதாவே, அண்ணனைக் காப்பாத்து'ன்னு வாய் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு.

உச்சி வெயில்ல, எங்களுக்குப் பின்னால, பளீர்னு ஒரு வெளிச்சம். திரும்பிப் பார்த்தா வடக்கே கடலும் வானமும் சேர்ற இடத்துல ஒரு புகை நெட்டுக்குத்தா நிக்குது. கொஞ்ச நேரத்துல இடி மாதிரி ஒரு சத்தம். "டேங்க் வெடிச்சிட்டுலே! அங்கதான்லே கெடக்கானுவ!"ன்னு எல்லாரும் கத்தினோம். லாஞ்சை அப்படியே திருப்பிட்டோம். டீசல் புகை கறுப்பால்லா வரும், இது வெள்ளையா இருக்கேன்னு எவனுக்குத் தோணிச்சு? ஒருத்தனுக்கும் தோணல.

பொழுது சாயற வரைக்கும் வடக்கே ஓடினோம். ஒரு பலகை கூட இல்ல. டீசல் தீரப் போகுதுன்னு கரைக்கு வந்தா, ஊரே வானத்துலேர்ந்து விழுந்த நெருப்பைப் பத்தித்தான் பேசுது. பாழாப்போன வானத்துக்கு வேற நாளே கிடைக்கலியா?

அண்ணனோட லாஞ்சை வேற ஆளுங்க தெற்கேதான் கண்டுபிடிச்சாங்க. மூணு பேருக்கு உயிர் இருந்துச்சு. அண்ணனுக்கு இல்ல.

அந்த மூணு பேர்ல ஒருத்தன் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவங்களும் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்காங்க, புகையைப் பார்த்திருக்காங்க. அண்ணன் எழுந்து நின்னு சிரிச்சானாம். "எந்தம்பி புகை காட்டுதான்லே. இந்தா வந்துட்டான். இனி தண்ணியப் பொத்தி வச்சு என்ன செய்ய? குடிங்கலே"ன்னு, இருந்த கடைசித் தண்ணியை, தன் பங்கையும் சேர்த்து, அவங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டானாம். அப்புறம் சாகுற வரைக்கும் வடக்கையே பார்த்துக்கிட்டு இருந்தானாம்.

அந்த நேரம் நானும் அதே புகையைப் பார்த்துக்கிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கிட்டு இருந்தேன்.