இருபது கட்டிலும் மூட்டைப்பூச்சியும்

"தரையில படுத்து வளந்த பிள்ளைக்குக் கட்டிலப் பத்தி என்னம்மா தெரியும்?"

வேலைக்குச் சேர்ந்த அன்று வார்டனம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். மார்க்கையன்கோட்டையில் அப்பாவும் அம்மாவும் வயல் கூலி. வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சு லோயரும் முடித்திருந்தேன். "தெரிஞ்சுக்கிறேன் மேடம்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

தேனியில் ஓர் அறக்கட்டளை நடத்திய மாணவியர் விடுதி அது. எனக்கு உதவி மேட்ரன் வேலை. இதே வேலைக்கு இனி வரப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சமையல் ஸ்டாக், பிள்ளைகளின் காய்ச்சல், வருகைப் பதிவு எல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். பூச்சியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரப்பானும் இராமபாணமும்

முதல் வருடம் ஸ்டோர் ரூமில் கரப்பான். போரிக் பவுடரையும் கோதுமை மாவையும் சமமாகக் கலந்து, கொஞ்சம் சீனி சேர்த்து, சுண்டைக்காய் அளவு உருட்டி மூலைகளில் வைத்தேன். மூன்று வாரத்தில் அடங்கியது. ரிஜிஸ்டர் அலமாரியில் இராமபாணப் பூச்சி காகிதத்தை அரித்தது. எல்லாவற்றையும் வெயிலில் விரித்துத் தட்டி, வசம்பை இடித்துத் துணியில் முடிந்து போட்டேன். அதுவும் போயிற்று. "பரவாயில்லையே" என்றார் வார்டனம்மா. நான் கொஞ்சம் தலைகனத்துத்தான் போனேன்.

அந்தப் பூச்சிகளை யாரும் யார் மேலும் சுமத்தவில்லை. கரப்பான் வந்தால் இடம் சரியில்லை என்பார்கள். மூட்டைப்பூச்சி வந்தால்தான் ஆள் சரியில்லை என்பார்கள். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கட்டில் வந்த வருடம்

அதுவரை பிள்ளைகள் பாயில் படுத்தார்கள். போன ஜூன் மாதம் விடுதிக் கமிட்டித் தலைவர் இருபது நாடாக் கட்டில்கள் கொடுத்தார். போடியில் ஏலக்காய் வியாபாரமும் ஒரு லாட்ஜும் உள்ளவர். எல்லோரும் முதலாளி என்போம். லாட்ஜுக்கு இரும்புக் கட்டில் வாங்கியதால் பழைய மரக்கட்டில்கள் எங்களுக்கு வந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டுப் பலகையிலும் ஒரு தகரத் தகடு அடித்தார்கள். அதில் அவருடைய தகப்பனார் பெயர், கீழே 'உபயம்'. ஆயுத பூசைக்குக் கட்டிலுக்குக் கட்டில் தகட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

பூச்சி வந்தது கார்த்திகையில். பிள்ளைகள் கையில், கழுத்தில் வரிசையாகத் தடிப்பு. நாடாவின் மடிப்பில் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளி. நசுக்கினால் வரும் அந்த நாற்றத்தை எழுத வேண்டியதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெருவில் மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்க வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். மருந்து பட்டதும் பூச்சி சாகவில்லை. இடுக்கிலிருந்து வெளியே வந்து சுவரெல்லாம் ஊர்ந்தது. ஸ்ப்ரேயரைப் பிடித்திருந்தவர் சிரித்தார்.

"இதுக்கு இந்த மருந்து கேக்காதும்மா. எங்கன போனாலும் இதே கததான். மருந்து அடிச்சதாலதான் பூச்சி கூடிப்போச்சுன்னு கதவச் சாத்திர்றாக."

அதன் பிறகு கையால்தான் வேலை. நாடாவை அவிழ்த்து வேகவைத்தோம். சமையல் செய்யும் கருப்பாயி அக்கா அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டார். சட்டத்தின் பொருத்து ஒவ்வொன்றிலும் ஊற்றினேன். தலைமாட்டுப் பக்கம் போனபோது வார்டனம்மா ஓடி வந்தார்.

"தகட்டுல தண்ணி படாமப் பாரு. பெயிண்டு உரிஞ்சா முதலாளி வருத்தப்படுவாக."

படாமல் பார்த்துக்கொண்டேன். இருபது கட்டிலிலும்.

பேச்சியம்மாளின் தலையணை

பத்து நாள் அடங்கிய மாதிரி இருக்கும். மறுபடி வரும். வந்ததும் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். பேச்சு போய் நின்ற இடம் பேச்சியம்மாள்.

வருசநாட்டுக்கு அப்பால் காட்டோரத்திலிருந்து வந்த பிள்ளை. பத்தாம் வகுப்பு. இலவம்பஞ்சுத் தோப்பில் வேலை பார்க்கும் குடும்பம். என்னைப் போல, அவள் வீட்டிலும் அவள்தான் முதல். கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. அவள் கடியைப் பற்றி ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. அதையே சாட்சியாக்கினார்கள்.

"மத்த பிள்ளைகள்லாம் சொறியுது. இவ மட்டும் சொறியல. பழகிப்போச்சு, அதான். காட்டுல இருந்து கொண்டாந்தது இவதான்" என்றார் வார்டனம்மா.

கருப்பாயி அக்கா அடுப்படியில் இருந்தபடி என்னிடம் சொன்னார்: "ஏன், மூட்டப்பூச்சி ஊரு பேரு விசாரிச்சுட்டுத்தான் கடிக்குதாக்கும்? கடிச்சும் வாயத் தெறக்காத பிள்ளன்னா அவ ரோசக்காரி. அம்புட்டுத்தான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய காலையில், அவளுடைய மூட்டையை மட்டும் முற்றத்தில் வைத்துப் பிரிக்கச் சொன்னார் வார்டனம்மா. பிரித்தது நான். எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். இரண்டு பாவாடை, தாவணி, ஒரு பொட்டலம் பொரிவிளங்காய் உருண்டை, ஒரு தலையணை.

"அக்கா, அது எங்காத்தா தச்சது. பஞ்சு நாங்களே பெறக்குனது."

"பேசாம நில்லு."

கத்தியால் தலையணையைக் கிழித்தேன். பஞ்சு பறந்தது. யாரோ சிரித்தார்கள். நான் தையல் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். புள்ளி இல்லை, முட்டை இல்லை, நாற்றம் இல்லை. இலவம் விதை மட்டும் இருந்தது.

"இருக்கா?" என்றார் வார்டனம்மா.

"பாக்கணும் மேடம்."

"என்ன பாக்குறது? கொளுத்து."

கொளுத்தினேன். அன்று மதியம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிஜிஸ்டரில் எழுத வேண்டியதும் நான்தான். 'படுக்கைச் சுத்தமின்மையால் பூச்சி. மேற்படி மாணவி மூலம் பரவியதாகச் சந்தேகம்' என்று எழுதினேன். சந்தேகம் என்ற சொல்லை அடிக்கச் சொன்னார். அடித்தேன். 'பரவியது' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பாயிலும் மூட்டைப்பூச்சி உண்டு. அவள் இல்லையென்றால் அடுத்து முற்றத்தில் பிரிப்பது என் பெட்டியாக இருக்கும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியாகிவிட்டது. ஆனால் வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. வருசநாட்டிலிருந்து தினமும் தேனிக்கு வந்து படிக்க முடியாது. விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை. இது வார்டனம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பால் டப்பா

அவள் போன ஒன்பதாவது நாள் நான்கு பிள்ளைகளுக்குக் கழுத்தில் தடிப்பு. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அல்லது தைரியம்.

காலிப் பால் டப்பாக்களைச் சேர்த்தேன். கட்டில்களைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஒவ்வொரு காலையும் ஒரு டப்பாவில் நிறுத்தி, தண்ணீரும் மேலே கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றினேன். சுவருக்கு வெள்ளையடித்து வெடிப்பெல்லாம் பூசியாயிற்று. போர்வைகளை வேகவைத்தாயிற்று. இனி தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ பூச்சி ஏற முடியாது. கடித்தால், அது கட்டிலுக்குள்ளேயே இருக்கிறது.

கடித்தது. காலில் இல்லை, இடுப்பில் இல்லை. கழுத்திலும் தோளிலும்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, முதல் கட்டிலின் தலைமாட்டில் தகட்டை நெம்பினேன். இரண்டு ஆணி கழன்றது. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழையாத இடைவெளி. அந்த இடைவெளி முழுக்கப் பூச்சி. அடுக்கு அடுக்காக, வெள்ளை முட்டையும் உரித்த தோலுமாக. தகட்டின் பின்பக்கம் கறுத்துப் போயிருந்தது. ஐந்து தகடு கழற்றினேன். ஐந்திலும் அதேதான்.

வார்டனம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரைக் கேட்டுக் கழட்டுன?"

"மேடம், பூச்சி இங்கதான் இருந்திருக்கு. பேச்சியம்மாள் மேல தப்பில்ல."

"இருந்துட்டுப் போகட்டும். இங்க்கு ஃபில்லர்ல மருந்த எடுத்து உள்ள விடு. விட்டுட்டு மறுபடி அடிச்சிரு. வர்ற வெள்ளிக்கெழம முதலாளி இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாக."

"அந்தப் பிள்ளையக் கூப்பிடுவோமே மேடம். பரீட்ச இருக்கு."

"கூப்பிட்டா, அனுப்புனது தப்புன்னு ஆகும்ல? ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்துத்தானே இருக்கு. யோசிச்சுப் பேசு."

இன்ஸ்பெக்ஷன்

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கட்டில்களைச் சுற்றி நடந்தார். ஐந்து தகடுகளை நான் திரும்ப அடிக்கவில்லை. துடைத்து மேசை மேல் அடுக்கி வைத்திருந்தேன்.

"இது ஏன் இங்கன கெடக்கு?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கட்டில் லாட்ஜிலிருந்து வரும்போதே பூச்சியோடு வந்திருக்கிறது, தகடு அதற்கு வீடாகிவிட்டது, ஒரு பிள்ளையை அநியாயமாக அனுப்பிவிட்டோம் என்று. வார்டனம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தியபடியே இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஏத்தா, அந்தக் கட்டில்ல எத்தன ஊரு வியாபாரி படுத்திருக்காக. ஒருத்தரும் கொற சொன்னதில்ல. பூச்சி என்ன கட்டில்லயா பெறக்கும்? ஆளுககிட்ட இருந்துதான் வரும்."

"ஆமாய்யா. உங்க லாட்ஜுக்கு வந்த ஆளுககிட்ட இருந்தும் வந்திருக்கும்ல?"

சிரிப்பு நின்றது. தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் நான் நெம்பிய இடத்தில் அவருடைய தகப்பனாரின் பெயரில் ஓர் எழுத்து பெயர்ந்திருந்தது. அதை விரலால் தடவினார்.

"படிச்ச பிள்ளைன்னு வேல குடுத்தா" என்று வார்டனம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் எனக்கு மெமோ. விடுதிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பூச்சியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பேச்சியம்மாளைப் பற்றியும் இல்லை. அவள் இடத்துக்கு வேறொரு பிள்ளையைச் சேர்த்தாகிவிட்டது.

வருசநாடு

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். இறங்கி ஒரு மணி நேரம் நடை. தோப்பில் பேச்சி இலவங்காயை உடைத்து உடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை.

அவளுடைய அப்பா துண்டை உதறி உட்காரச் சொன்னார். தகட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"சரி தாயி. எங்க பிள்ள பூச்சிக்காரி இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. எங்களுக்கு முன்னயே தெரியும். மறுபடி அங்கன வந்து நிக்கச் சொல்றீகளா?"

"அங்கன வேணாம்ணே. நான் ரூம் பிடிக்கிறேன். எங்கூட இருந்து பள்ளிக்கூடம் போகட்டும்."

பேச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தலகாணியக் கிழிச்சீகளே, அப்பயே உங்களுக்குத் தெரியுமா? இல்ல, தகட்டக் கழட்டுன பெறகுதானா?"

வழியெல்லாம் என்னென்னவோ பதில்களை யோசித்திருந்தேன். இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை.

"அப்பயே தெரியும்" என்றேன்.

"பெறகு ஏன் கொளுத்துனீக?"

"பயந்துட்டேன்."

அவள் ஐந்தாறு காய்களை உடைத்தாள். நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது கேட்டாள்: "எங் கணக்கு நோட்டு ஸ்கூல் பெஞ்சிலயே கெடக்கு. யாராச்சும் எடுத்துட்டாகளா?"

"ஸ்கூல்ல கேட்டு வாங்கிட்டேன். எங்கிட்ட இருக்கு."

வருகிறவர்களுக்கு

மூட்டைப்பூச்சி வேலையில் நான் கற்றது இரண்டு. எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று தேடாதீர்கள். எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்களோ, அந்த இடத்தை முதலில் திறந்து பாருங்கள். இரண்டையும் ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்துக் கற்றேன் என்பதால், இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மெமோவுக்கு விளக்கம் எழுதினேன். ரிஜிஸ்டரில் நான் எழுதியது பொய், தெரிந்தே எழுதியது என்று முதல் வரியில் எழுதி, ஒரு படியைப் பள்ளித் தலைமையாசிரியைக்கும் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதக் குடுத்தா உனக்கு எங்கயும் வேல கெடைக்காதேம்மா" என்றார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து நாட்களைக் கூட்டிப் பார்த்தார். இனி ஒரு நாளும் விடாமல் வந்தால் போதும் என்றார்.

விடுதியிலிருந்து விலகிவிட்டேன். ஒரு தட்டச்சு நிலையத்தில் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை. பேச்சி வந்து எட்டு நாளாகிறது. என்னோடு அவசியத்துக்கு மேல் பேசுவதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, தலை பின்னி, ஒன்பது மணிக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.